ஓடி முடித்தவர்களையும் கணக்கில் வையுங்கள்

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் உறுப்பினர் செயலர் அவர்களுக்கும், திருநெல்வேலி மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலர் அவர்களுக்கும், பாளையங்கோட்டையிலிருந்து ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் எழுதும் திறந்த மடல்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

பங்குனி பிறந்ததும் தார்ச்சாலை இளகத் தொடங்கிவிடும் ஓர் ஊரில் இருந்துகொண்டு, கிக்கன் ராண்டல் என்னும் அமெரிக்கப் பனிச்சறுக்கு வீராங்கனையைப் பற்றித் தங்களுக்கு எழுதுவது விந்தையாகத் தோன்றலாம். வேண்டுமென்றேதான் அவரைத் தேர்ந்தெடுத்தேன். நம் பக்கத்து வீரர் ஒருவரை எடுத்துக்காட்டாகச் சொன்னால், அவர் எந்த ஊர், எந்தப் பயிற்சியாளரிடம் வளர்ந்தவர், எந்தச் சங்கத்தைச் சேர்ந்தவர் என்று பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. சொல்ல வந்தது நின்றுபோகிறது. நமக்கு ஒட்டும் இல்லாத, உறவும் இல்லாத ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை. போட்டியிலிருந்து விலகிய பிறகு ஒரு விளையாட்டு வீரரின் வாழ்வு என்ன ஆகிறது, அதில் அவரை வளர்த்த அமைப்புகளுக்கு என்ன பொறுப்பு என்பது ஒன்றே இம்மடலின் பொருள்.

கிராஸ் கன்ட்ரி என்றதும் நம் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது வரப்பிலும் செம்மண் தடத்திலும் ஓடும் ஓட்டம். அதே பெயரில் பனியில் நடக்கும் பந்தயம் ஒன்று 1924ஆம் ஆண்டு முதல் குளிர்கால ஒலிம்பிக்கிலிருந்தே இருந்துவருகிறது. காலில் நீண்ட மெல்லிய சறுக்குப் பலகைகளைக் கட்டிக்கொண்டு, இரு கைகளிலும் ஊன்றுகோல்களை ஊன்றி, மேட்டிலும் பள்ளத்திலும் பல கிலோமீட்டர் தூரம் போக வேண்டும். மலைச்சரிவில் சறுக்கி இறங்கும் வேடிக்கை அன்று இது. மேடேறும்போது உடம்பைத் தன் பலத்தாலேயே மேலே தூக்கிச் செல்ல வேண்டும். கால், தோள், முதுகு மூன்றும் ஒரே நேரத்தில் உழைப்பதால், நெஞ்சும் நுரையீரலும் தாங்க வேண்டிய சுமை வேறெந்த விளையாட்டையும்விட இதில் குறைவன்று. பனி இல்லாத கோடையில் சக்கரம் வைத்த ரோலர் ஸ்கீயில் தார்ச்சாலையில் பயிற்சி செய்வார்கள். இத்தனைக்கும், நார்வே, சுவீடன், பின்லாந்து போன்ற சில நாடுகளைத் தவிர மற்ற இடங்களில் இதற்குப் பெரிய கூட்டமோ பெரும்பணமோ கிடையாது. ஆக, பனியைக் கழித்துவிட்டுப் பார்த்தால், நம் மாவட்டத்தில் ஐயாயிரம் மீட்டரும் பத்தாயிரம் மீட்டரும் ஓடும் பிள்ளைகளின் நிலைதான்.

கிக்கன் ராண்டல் 1982ஆம் ஆண்டின் கடைசி நாளில் பிறந்தவர். அமெரிக்காவின் வடகோடியில், அலாஸ்கா மாநிலத்தின் அங்கரேஜ் நகரில் வளர்ந்தவர். பள்ளியில் அவர் ஓட்டப்பந்தய வீராங்கனை. ஓட்டத்துக்கு உடம்பைத் தயாராக வைத்துக்கொள்ளத்தான் குளிர்காலத்தில் பனிச்சறுக்கைப் பிடித்தார், அதுவே வாழ்க்கையாகிவிட்டது. 2002ஆம் ஆண்டு சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் அவர் முதன்முதலாகக் களம் இறங்கியபோது வயது 19. வந்த இடம் 44. அந்நாளில் அமெரிக்காவுக்கு இந்த விளையாட்டில் இருந்த ஒரே ஒலிம்பிக் பதக்கம், 1976ஆம் ஆண்டு இன்ஸ்புருக்கில் பில் கோக் வென்ற வெள்ளிதான். பெண்கள் பிரிவில் ஒன்றுகூட இல்லை. ‘நம்மால் ஆகாத விளையாட்டு’ என்று ஒரு நாடே கைவிட்டிருந்த துறையில் அவர் நுழைந்தார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஸ்பிரின்ட் என்னும் குறுந்தூரப் பந்தயத்தில், 2006இல் டூரினில் ஒன்பதாம் இடம். 2010இல் வான்கூவரில் எட்டாம் இடம். நடுவில் 2009ஆம் ஆண்டு உலகச் சாம்பியன்ஷிப்பில் வெள்ளி. 2012, 2013, 2014 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ச்சியாக உலகக் கோப்பையின் ஸ்பிரின்ட் பட்டம். 2014ஆம் ஆண்டு சோச்சிக்குப் போகும்போது அவருக்குத்தான் தங்கம் என்று உலகமே எழுதியது. காலிறுதியில் 0.05 வினாடி பின்தங்கி வெளியேறினார். கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவான அந்த இடைவெளியோடு அவர் வீட்டுக்குத் திரும்பியிருந்தால், நம் ஊர்க் கணக்கில் அவர் ‘ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்காதவர்’. எந்த அரசாணையிலும் அவருக்கு இடம் இருந்திருக்காது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

2016ஆம் ஆண்டு அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. மறு ஆண்டே லாட்டியில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வென்றார். அந்தக் காலகட்டத்தில் நார்வேயின் மாரிட் பியோர்கன் உள்ளிட்ட வேறு சில முன்னணி வீராங்கனைகளும் தாய்மார்களாகிக் களத்துக்குத் திரும்பியிருந்தார்கள். பந்தயம் நடக்கும் இடங்களில் குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்ள ஓர் அறை வேண்டும் என்று சர்வதேசக் கூட்டமைப்பிடம் கேட்டார்கள். 2018ஆம் ஆண்டு பியோங்சாங்கில், 35ஆம் வயதில், தமது ஐந்தாவது ஒலிம்பிக்கில், ஜெசி டிகின்ஸ் என்னும் இளையவரோடு சேர்ந்து இருவர் ஸ்பிரின்ட் பந்தயத்தில் ராண்டல் தங்கம் வென்றார். ஒருவர் மாற்றி ஒருவர், ஆளுக்கு மூன்று சுற்று. முடிவில் சுவீடனை முந்தியது 0.19 வினாடியில். கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்கில் அமெரிக்கா பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது.

பெரும்பாலான கட்டுரைகள் இந்த இடத்தில் முடிந்துவிடும். எனக்கு அக்கறை இதற்குப் பிறகு நடந்தவற்றில்தான். அதே ஒலிம்பிக்கின்போது, உலக வீரர்கள் வாக்களித்து, சர்வதேச ஒலிம்பிக் குழுவின் வீரர்கள் ஆணையத்துக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பருவம் முடிந்ததும் போட்டியிலிருந்து ஓய்வு பெற்றார். அடுத்த சில மாதங்களுக்குள் அவருக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. உச்சிக்கு ஏறி நின்ற உடம்பு, வேதிமருந்துச் சிகிச்சைக்கும் அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் ஆளாயிற்று. சிகிச்சைக் காலத்திலும் உடற்பயிற்சியை அவர் விடவில்லை. தமக்கு நேர்ந்ததை மறைக்கவும் இல்லை. உடம்பில் மாற்றம் தெரிந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போங்கள் என்று இளம்பெண்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார். 2019 நவம்பரில் நியூயார்க் மாரத்தானை 2 மணி 55 நிமிடங்களில் ஓடி முடித்தார். பின்னர், தாம் வளர்ந்த அங்கரேஜ் நகரிலேயே, பனிச்சறுக்குத் தடங்களைப் பராமரித்துப் பந்தயங்களும் நடத்தும் உள்ளூர்ச் சங்கத்தின் செயல் இயக்குநர் பொறுப்பை ஏற்றார்.

ஒரு ஒலிம்பிக் சாம்பியனுக்கு இது சின்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐந்து ஒலிம்பிக் பார்த்த ஒருவர், பள்ளிப் பிள்ளைகள் மாலையில் சறுக்கும் தடம் ஒழுங்காக இருக்கிறதா என்று கவலைப்படும் நாற்காலியில் உட்கார்ந்தார் என்றால், அந்த ஊர் தன் வீரரை வீணாக்கவில்லை என்று பொருள்.

இதைத் தனிமனிதரின் மனவுறுதி என்று மட்டும் பார்த்துக் கைதட்டிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. அவர் போட்டியிட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே அடுத்த வாழ்வுக்கான கதவுகள் திறந்திருந்தன. பெண்பிள்ளைகள் விளையாட்டை இடையில் விட்டுவிடாமல் இருப்பதற்காகக் கனடாவின் ஒலிம்பிக் சாம்பியன் சந்த்ரா கிராஃபோர்ட் தொடங்கிய ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபீமேல்’ என்னும் அமைப்பின் அமெரிக்கக் கிளையை ராண்டல் தலைமையேற்று நடத்தினார். அவர் பயிற்சி பெற்ற மையம் அலாஸ்கா பசிபிக் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. பேசவும், கணக்குப் பார்க்கவும், கூட்டம் நடத்தவும், கேட்டு வாங்கவும் அவர் முப்பது வயதுக்குள் பழகியிருந்தார். இத்தனைக்கும் அமெரிக்க ஒலிம்பிக் குழு அரசின் மானியத்தில் நடப்பதன்று. வீரர்கள் புரவலர்களைத் தேடி அலைய வேண்டிய நாடு அது. அரசு வேலை என்னும் பாதுகாப்பு அங்கே இல்லை. அந்த வகையில் தமிழ்நாடு அவர்களைவிடப் பரிவுள்ள மாநிலம் என்றே சொல்வேன்.

எல்லாருக்கும் ராண்டலைப் போல வாய்க்கவில்லை. போலந்தின் யுஸ்தினா கோவால்சிக், 2010இல் 30 கிலோமீட்டரிலும் 2014இல் 10 கிலோமீட்டரிலும் தங்கம் வென்றவர். இரண்டாவதைப் பாதத்தில் எலும்பு முறிவோடு வென்றார். அதே 2014ஆம் ஆண்டு கோடையில், தாம் நெடுநாளாக மனச்சோர்வு நோயால் துன்பப்படுவதைப் பொதுவெளியில் சொன்னார். மேடையில் நின்றவரின் முகத்தைப் பார்த்து யாரும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஓய்வுக்குப் பின் அவர் போலந்து அணியின் பயிற்சிக் குழுவில் பணியாற்றினார். நார்வேயின் பெட்டர் நோர்துக் உலகச் சாம்பியன்ஷிப்களில் மட்டும் 13 தங்கம் வென்றவர். 2018 இறுதியில் ஓய்வு பெற்ற அவர், இரண்டே ஆண்டுகளில் அதிவேகமாகக் கார் ஓட்டியதற்கும் போதைப்பொருள் வைத்திருந்ததற்கும் சிறைத் தண்டனை பெற்றார். குடியும் போதையும் தம்மைப் பிடித்திருந்ததை ஒப்புக்கொண்டார். பனிச்சறுக்கு வீரரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் நார்வேயிலேயே இது நடந்தது. பணமும் புகழும் இருந்தால் பிற்பாடு தானாகச் சரியாகிவிடும் என்பவர்களுக்கு இவ்விருவரையும் நினைவூட்டுவது உண்டு.

நமக்கு இவர்கள் எல்லாரையும்விட நெருக்கமானவர் கென்யாவின் பிலிப் போய்ட். எல்டோரெட் பக்கத்து நடுத்தூர ஓட்டக்காரர். 1996ஆம் ஆண்டு பின்லாந்துக்குப் போன பிறகுதான் பனியைக் கண்ணால் பார்த்தார். ஒரு காலணி நிறுவனம் செலவை ஏற்றது. இரண்டே ஆண்டுகளில், 1998ஆம் ஆண்டு நாகானோ ஒலிம்பிக்கில், 10 கிலோமீட்டர் பந்தயத்தில் நின்றார். 92ஆவதாக, கடைசியாக வந்தார். வென்ற நார்வேயின் பியோர்ன் டாலி, இருபது நிமிடங்கள் கழித்து வரும் அந்தக் கடைசி மனிதருக்காக எல்லைக்கோட்டில் காத்திருந்து கட்டித் தழுவினார். படம் உலகம் முழுவதும் போயிற்று. போய்ட் தம் மகனுக்கு டாலி என்று பெயர் வைத்தார். இந்தக் கதையை இத்தோடு நிறுத்துவதுதான் வழக்கம். அதன் பிறகு அந்த நிறுவனம் ஆதரவை நிறுத்திக்கொண்டது என்பதையும், அப்படியிருந்தும் அவர் 2002, 2006 ஒலிம்பிக்குகளுக்கும் போனார் என்பதையும் சொல்பவர்கள் குறைவு. வேடிக்கை தீர்ந்ததும் ஆதரவும் தீர்ந்துபோகும் என்பதற்கு வெப்பநாட்டு மனிதர் ஒருவரே சாட்சி.

நம் நாட்டிலிருந்து இந்தப் பந்தயத்துக்குப் போனவர்களில், 2014இல் சோச்சிக்குச் சென்ற நதீம் இக்பாலும் 2018இல் பியோங்சாங்குக்குச் சென்ற ஜக்தீஷ் சிங்கும் ராணுவத்தினர். எத்தனையாவது இடத்தில் வந்தாலும் திரும்பி வருவதற்கு ஒரு பணியும் சம்பளமும் இருந்தன. வள்ளியூரிலும் நாங்குநேரியிலும் களக்காட்டிலும் விடியற்காலை நாலரை மணிக்குச் சாலையோரம் ஓடும் நம் பையன்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்களும் அதே காரணத்துக்காகத்தான் ராணுவம் என்பார்கள், போலீஸ் என்பார்கள். ஒலிம்பிக் என்று சொல்பவன் நூற்றில் ஒருவன். அந்த அச்சத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

இனி நம் ஆணையத்தின் பக்கம் வருகிறேன். இருப்பவற்றை முதலில் சொல்லிவிடுவது முறை. ஒலிம்பிக்கில் தங்கம் வென்றால் மூன்று கோடி ரூபாய். அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு. காவலர் தேர்வில் 10 விழுக்காடு. நலிந்த நிலையில் உள்ள முன்னாள் வீரர்களுக்கு மாதம் 6,000 ரூபாய் ஓய்வூதியம். உதவி தேவைப்படுவோருக்குத் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை. இவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் போராடிப் பெற்றவை. வேலை கிடைத்தால் ஒரு வீரர் எப்படி நிலைபெறுவார் என்பதற்குத் தாமிரபரணிப் பக்கத்திலேயே மணத்தி கணேசன் இருக்கிறார். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் கபடித் தங்கம், 1995இல் அர்ஜுனா விருது, மின்வாரியத்தில் பணி. புதுக்கோட்டையின் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹாவில் வென்ற வெள்ளியை இழந்து, செங்கல் சூளையில் கூலி வேலை செய்ய நேர்ந்து, பிறகு தங்கள் ஆணையத்திலேயே பயிற்சியாளரானார். ஓர் அமைப்பு மனம் வைத்தால் வீணான வாழ்வையும் மீட்கலாம் என்பதற்கு அவரே சான்று. ஆனால் அவரைச் சூளைக்குப் போகவிடாமல் யாரும் தடுக்கவில்லை என்பதற்கும் அவரே சான்று.

குறை எங்கே இருக்கிறது என்றால், மேலே சொன்ன எல்லாமே ஒரு காகிதத்தில், அதாவது விளையாட்டுச் சான்றிதழ்ப் படிவத்தில், தொடங்குகின்றன. பாரம் டூ இருக்கிறதா, பாரம் த்ரீ இருக்கிறதா, முதல் மூன்று இடமா, எந்தச் சங்கத்தின் முத்திரை? மாநிலப் போட்டியில் நான்காவதாக வந்த பிள்ளைக்கும் ஒன்பதாண்டு உழைப்பு உண்டு. அதற்குப் படிவம் இல்லை. ராண்டலின் 0.05 வினாடியை முன்பு அழுத்திச் சொன்னது இதற்காகத்தான். அந்த இடைவெளிக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு வேலை, இந்தப் பக்கம் நிற்பவருக்கு வெறுங்கை என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். ஓய்வூதியமோ 58 வயதுக்குப் பிறகு வருவது. தடகளத்தில் ஒரு பெண் 23 வயதில் ஸ்பைக்ஸைக் கழற்றினால், நடுவே 35 ஆண்டுகள். அந்த 35 ஆண்டுகளைப் பற்றி எந்த விதியும் பேசுவதில்லை.

என்னிடம் பயின்ற பெண் ஒருத்தி. சேரன்மகாதேவிப் பக்கத்து ஊர். தாயார் பீடி சுற்றுபவர். குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று மூவாயிரம் மீட்டரில் படிப்படியாக ஏறி, ஒரு விளையாட்டு விடுதியில் சேர்ந்தாள். கணுக்காலுக்கு மேலே எலும்பில் மெல்லிய விரிசல். வலி என்று சொன்னால் அணியில் பெயர் எடுபட்டுவிடுமோ என்று சொல்லாமலே ஒரு பருவம் ஓடினாள். பிறகு ஓட முடியவில்லை. விடுதியிலிருந்து பெட்டியோடு திரும்பினாள். யாரும் கொடுமை செய்யவில்லை. விதிப்படி இடம் அடுத்தவருக்குப் போயிற்று, அவ்வளவுதான். அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு ஒரு கடிதம்கூட வரவில்லை. இரத்தசோகை இருந்தது என்பதே வெகுநாள் கழித்துத்தான் தெரியவந்தது. காவலர் தேர்வுக்கு முயலலாமே என்றேன். பெண்களுக்கு 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் ஓடினால் போதும். அந்தத் தூரத்தில் அவளுடைய பழைய வேகத்துக்கு அது பாதி நடை. உயரம் குறைவு என்று அளவெடுக்கும் இடத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்று திருமணமாகி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகி, மாலையில் தெருப் பிள்ளைகளுக்கு வார்ம்-அப் சொல்லிக்கொடுக்கிறாள். சம்பளம் இல்லை, விசில் மட்டும் இருக்கிறது. அவளிடம் இருக்கும் அறிவுக்கு அரசு ஏற்கெனவே விலை கொடுத்துவிட்டது: விடுதிச் சாப்பாடு, உடை, பயிற்சியாளர் சம்பளம், போட்டிப் பயணம். அந்த முதலீட்டை அறுவடைக்கு முன்பே வயலோடு விட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

எனவே ஆணையத்திடம் நான் கேட்பவை பெரிய திட்டங்கள் அல்ல. முதலாவது, விடுதியிலிருந்து விலகும் ஒவ்வொருவரின் பெயரும் முகவரியும், விலகிய காரணமும் ஒரு பதிவேட்டில் ஏறட்டும்; குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கொருமுறை அவர் என்ன செய்கிறார் என்று மாவட்ட அலுவலகம் கேட்கட்டும். ஒரு தொலைபேசி அழைப்புக்கு மேல் இதற்குச் செலவில்லை. விடுதிகளின் பெருமையைப் பதக்கக் கணக்கால் மட்டும் அளக்காமல், அங்கே இருந்து வெளியேறியவர்கள் இருபத்தைந்து வயதில் எங்கே நிற்கிறார்கள் என்பதாலும் அளக்கலாம். அந்தக் கணக்கு முதலில் நமக்கு வெட்கம் தரலாம். தரட்டும்.

அடுத்து, வெளியேறும்போது ஒரு முழு மருத்துவப் பரிசோதனை. பிள்ளைகள் விடுதியில் சேரும்போது உயரம், எடை, எம்பும் உயரம் எல்லாம் அளக்கிறோம். போகும்போது யாரும் அளப்பதில்லை. முழங்கால், முதுகு, எலும்பு விரிசல், பெண்பிள்ளைகளுக்கு இரத்தசோகை, மாதவிலக்குக் கோளாறு ஆகியவற்றை அன்றே கண்டு, பாளையங்கோட்டை அரசு மருத்துவமனைக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினால் பின்னாளைய துன்பங்களில் பல குறையும். மனநிலையையும் இதோடு சேர்த்தே சொல்கிறேன். பத்து வயதிலிருந்து ‘ஓட்டக்காரி’ என்று அழைக்கப்பட்டவள் ஒரு காலையில் அந்தப் பெயர் இல்லாமல் எழுந்திருக்கும்போது அவளுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்கத் தெரிந்த ஓர் ஆலோசகர், மாதத்துக்கு இரண்டு நாளாவது விடுதிக்கு வர வேண்டும். கோவால்சிக்குக்கு வந்தது நெல்லைப் பெண்ணுக்கு வராது என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

பெண்களைப் பற்றித் தனியே ஒன்று. நம் பக்கத்தில் ஒரு வீராங்கனையின் ஓய்வு நாளை அவளுடைய உடம்பு தீர்மானிப்பதில்லை, நிச்சயதார்த்தம் தீர்மானிக்கிறது. மாமனார் மாமியார் வீட்டில் டிராக் சூட் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டுவது எளிதன்று என்பது தங்களுக்கும் தெரியும். அரசு அலுவலகத்தால் அந்த வீட்டு மனங்களை மாற்றிவிட முடியாது. ஆனால் அண்ணா விளையாட்டரங்கில் காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை, திருமணமான முன்னாள் வீராங்கனைகளுக்கென்று ஒரு வேளையும், கைக்குழந்தையைக் கிடத்த ஓர் அறையும் ஒதுக்க முடியும். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஒரு பிரிவு சேர்க்கலாம். குழந்தைகளுக்கான அந்த அறையை உலகச் சாம்பியன்களே கேட்க வேண்டியிருந்தது. நம் பெண்கள் கேட்க மாட்டார்கள் என்பதால் நாமே முன்வந்து திறந்து வைக்கலாம்.

நான்காவதாகக் கேட்பதைத்தான் நான் மிகவும் வேண்டுகிறேன். மாவட்டத்தில் எந்த விளையாட்டுக்கு எவ்வளவு, எந்த மைதானத்துக்கு என்ன என்று முடிவெடுக்கும் கூட்டங்களில், முன்னாள் வீரர்கள் தங்களுக்குள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த இருவர் உட்கார வேண்டும். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். ஒலிம்பிக் குழுவின் வீரர்கள் ஆணையத்தில் ராண்டல் உட்கார்ந்த நாற்காலி அப்படி வாக்கால் கிடைத்ததுதான். யாரும் தயவில் கொடுத்ததன்று. நம் ஊரில் முன்னாள் வீரரை அழைப்பது பரிசளிப்பு விழாவுக்கு. பொன்னாடை போர்த்தி, ஃபிளெக்ஸில் படம் போட்டு, வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். எந்தப் பயிற்சி நேரம் பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கிறது, எந்தக் கழிவறைக்குப் பெண்பிள்ளைகள் போக அஞ்சுகிறார்கள், எந்தப் பந்தயத்துக்கு இரவுப் பேருந்தில் போய் இறங்கி அப்படியே ஓட வைக்கிறோம் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். நாற்காலியில் இருக்கும் நமக்குத் தெரியாது.

இதற்கெல்லாம் நிதி எங்கே என்று கேட்பீர்கள். பகுதிநேரப் பயிற்றுநர் என்று ஒரு நிலையை ஊராட்சி அளவில் உருவாக்கி, பி.பி.எட். என்னும் உடற்கல்விப் பட்டம் முடிக்காத முன்னாள் வீரர்களுக்கும் ஒரு குறுகிய பயிற்சி தந்து, மாலை இரண்டு மணி நேரத்துக்கு மதிப்பூதியம் கொடுக்கலாம். திருச்செந்தூரில் உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது; அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது; பாடத்திட்டம் வகுக்க வெளியூர் போக வேண்டியதில்லை. ‘தகுதி இல்லாதவர்கள் உள்ளே நுழைந்துவிடுவார்கள்’ என்று என் தோழர்களான உடற்கல்வி ஆசிரியர்கள் சிலர் ஆட்சேபிப்பார்கள் என்பதை அறிவேன். அவர்களின் அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஏற்கெனவே பணியிடங்கள் குறைவு. அதனால்தான் பள்ளிப் பணியிடத்தில் கை வைக்காமல், ஊர்த் திடலோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறேன். மதிப்பூதியம் சிறிதாக இருந்தாலும், அந்தப் பெண் விசிலோடு நிற்பதற்கு ஓர் ஆணை கையில் இருந்தால் மாமியார் வீட்டிலும் அதற்கு மதிப்பு உண்டு.

வரும் கல்வியாண்டுக்கான விடுதித் தேர்வு தொடங்குவதற்கு முன், பாளையங்கோட்டையில் விடுதியின் பழைய மாணவர்களை அழைத்து ஒரு நாள் கூட்டம் நடத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். மேடை, மாலை எதுவும் வேண்டாம். தாங்களோ தங்கள் பிரதிநிதியோ குறிப்பேட்டோடு உட்கார்ந்து கேட்டால் போதும். அம்பாசமுத்திரம், முக்கூடல், திசையன்விளை, ராதாபுரம் பக்கங்களில் இருக்கும் என் பழைய மாணவ மாணவியரின் பெயர், முகவரிப் பட்டியலை, அவர்களின் ஒப்புதல் பெற்று, மாவட்ட அலுவலகத்தில் நேரில் கொடுக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் நாட்கூலிக்குப் போகிறவர்கள். ஆகவே கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்குமாறும், பேருந்துக் கட்டணத்தை அலுவலகமே ஏற்குமாறும், கைக்குழந்தையோடு வருபவர்களுக்கு இடம் ஒதுக்குமாறும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
பாளையங்கோட்டை.